கண்ணாடி முகப்பு: ஜன்னலாக வரைவதா, சுவராக வரைவதா?

திருபுவனத்தில் பட்டுக்கடை வைத்திருக்கும் என் மாமா, தை முடிந்த கையோடு ஒருநாள் கும்பகோணத்துக்கு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். செல்போனில் ஒரு நகைக்கடையின் படம். தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. "மாப்ளே, இதே மாதிரி நம்ம கடைக்கு வேணும். கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டு, பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

அவர் கடைக்கு இன்னும் பலகைக் கதவுதான். மேலும் கீழும் காடி வெட்டிய மரச்சட்டத்துக்குள் ஒவ்வொரு பலகையாகச் செருக வேண்டும். பலகையில் உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு என்று வெட்டி வரிசை காட்டியிருப்பார்கள். வரிசை மாறினால் கடைசிப் பலகை உள்ளே போகாது. சின்ன வயதில் அதைச் செருகிப் பழகிய கை எனக்கு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்ணாடி முகப்பும் அடிப்படையில் இதே சங்கதிதான்: ஒரு சட்டம், அதில் வரிசையாகத் துண்டுகள். அந்தச் சட்டத்தையும் துண்டுகளையும் எந்த மென்பொருள் புரிந்துகொள்கிறது, எது வெறும் படமாக மட்டும் பார்க்கிறது என்பதுதான் நாம் தேர்வு செய்ய வேண்டிய விஷயம்.

வீட்டு வடிவமைப்பு மென்பொருளுக்குச் சுவர் தெரியும், ஜன்னல் தெரியும், கதவு தெரியும். முழுக் கண்ணாடி முகப்பு என்பது சுவரா, ஜன்னலா என்று கேட்டால் பல மென்பொருள்கள் முழிக்கும். அதனால் நமக்கு மூன்று வழிதான். சுவரில் பெரிய ஜன்னலாக வைக்கலாம். சுவரையே கண்ணாடிச் சுவராக மாற்றலாம். இரண்டும் வேண்டாமென்று சட்டத்தையும் கண்ணாடியையும் தனித்தனிப் பொருளாகக் கையால் செய்து நிறுத்தலாம். மூன்றையும் மாமாவின் கடையிலேயே போட்டுப் பார்த்தேன்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். மேற்குப் பார்த்த கடை. முகப்பு 16 அடி அகலம், 9 அடி உயரம். அடியில் ஒன்றரை அடிக்கு கிரானைட் ஒட்டிய குட்டைச் சுவர், அதன் மேல் ஏழரை அடி கண்ணாடி. குட்டைச் சுவர் வேண்டாம் என்றுதான் மாமா சொன்னார். ரோடு போடப் போட நம் ஊர்க் கடைகளின் தரை பள்ளமாகிக்கொண்டே போகிறது. ஐப்பசி மழைக்குத் தெருத்தண்ணீர் கண்ணாடியின் அடிச்சட்டத்தில் நின்றால் அப்புறம் இடுக்கை அடைத்த சிலிக்கான் பசையைத் திட்டிப் பயனில்லை என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தேன். நடுவில் 5 அடிக்கு இரட்டைக் கதவு. இரண்டு பக்கமும் 2.75 அடியில் இரண்டிரண்டு கண்ணாடி. கூட்டிப் பாருங்கள், 16 வரும்.

ஸ்வீட் ஹோம் 3டியில் தொடங்கினேன். இலவசம், சாதாரண லேப்டாப்பிலும் ஓடும், மாமாவின் பெண் கல்லூரி விடுமுறையில் அதிலேயே தன் வீட்டை வரைந்து பார்த்திருக்கிறாள். சுவரை இழுத்து, பட்டியலிலிருந்து ஒரு ஜன்னலை எடுத்துச் சுவரில் வைத்தால் அதுவே சுவரை வெட்டிக்கொள்கிறது. அகலம், உயரம், தரையிலிருந்து எவ்வளவு மேலே என்று எண்ணாகக் கொடுக்கலாம். கால் மணி நேரத்தில் முகப்பு மாதிரி ஒன்று வந்துவிட்டது.

கோளாறு எங்கே என்றால், 3 அடி ஜன்னலை இழுத்து 11 அடியாக்கினால் கண்ணாடி மட்டும் நீள்வதில்லை. சட்டமும் சேர்ந்து பருக்கிறது. இரண்டு அங்குலச் சட்டம் ஏழு அங்குலத்துக்கு மேல் தடித்து, மரத்தூண் போல நிற்கிறது. படத்தைப் பார்த்த மாமா, "என்ன மாப்ளே, பத்தாயத்துக்குக் கதவு போட்ட மாதிரி இருக்கு" என்றார். இதற்கு வழி, ஒரே ஜன்னலை இழுக்காமல் கிட்டத்தட்ட அதே அளவுள்ள ஜன்னலை எடுத்து, நான்கு பிரதி செய்து ஒட்டி ஒட்டி வைப்பது. இரண்டு ஜன்னல் சேரும் இடத்தில் இரட்டைச் சட்டம் தெரியும். உண்மையில் அங்கே ஒரே சட்டம்தான் வரப்போகிறது. படத்துக்கு அது போதும், வேலைக்குப் போதாது. மூலை திரும்பும் கண்ணாடியை இதில் ஒரே ஜன்னலாக வைக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். இங்கே ஜன்னல் ஒரு சுவருக்குள் அடங்கும் பொருள், இரண்டு சுவரைச் சேர்க்கும் பொருள் அல்ல.

இந்த வழியில் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வது ஹோம் டிசைனர், சீஃப் ஆர்க்கிடெக்ட் குடும்பம். பக்கத்துப் பக்கத்தில் வைத்த ஜன்னல்களை ஒரே அலகாகச் சேர்த்துக்கொள்கிறது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று அடுக்கினாலும் ஒரே திறப்பாகவே சுவரை வெட்டுகிறது. இழுத்தாலும் சட்டத்தின் தடிமன் நாம் கொடுத்த அளவிலேயே நிற்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது தனிக்கதை.

ஸ்கெட்ச்அப் எனக்குக் கை பழகிய கருவி. அதில் சுவர் என்றோ ஜன்னல் என்றோ எதுவும் கிடையாது, முகங்களும் கோடுகளும்தான். ஒரு கண்ணாடிக்குச் சட்டம் செய்து, அதைக் காம்பொனென்ட் ஆக்கி, நான்கு இடத்தில் வைத்தேன். ஒன்றில் சட்டத்தைக் கொஞ்சம் மெலிதாக்கினால் நான்கும் மெலிகின்றன. நல்ல வசதி. ஆனால் மூன்றாம் நாள் மாமா, "கதவு நடுவுல வேண்டாம்னு ஜோசியர் சொல்றாரு, வடக்கு ஓரமா வையி" என்றார். நகர்த்தியதென்னவோ பத்து நிமிட வேலைதான். கதவை ஓரமாக்கினால் மிச்சம் 11 அடியை மூன்றாகப் பிரித்தால் அழகாக இருக்குமே என்று தோன்றியதுதான் வம்பு. ஒவ்வொன்றும் 3 அடி 8 அங்குலம். காம்பொனென்டைப் பிடித்து இழுத்தால் இங்கேயும் அதே கதை, சட்டம் பருக்கும். உள்ளே போய் ஒரு பக்கச் சட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 11 அங்குலம் தள்ள வேண்டும். செய்யலாம்தான். மூன்று தடவை செய்தபிறகு சலிப்பு வரும்.

ஸ்கெட்ச்அப்பில் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. கண்ணாடிப் பொருளின் ஒளிமறைப்பு 70 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சுவரைப் போல முழு நிழல் போடும்; அதற்குக் கீழே இருந்தால் நிழலே போடாது. இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. கறுப்புக் கண்ணாடி நன்றாக இருக்கிறதே என்று 75 வைத்தேன். மாலை 4 மணி வெயிலில் கடை உள்ளே ஒரே இருட்டு. மாமா "பரவால்லையே, வெயிலே வரல" என்று சந்தோஷப்பட்டுவிட்டார். 60 ஆக்கியதும் வெயில் நேராக சேலை அடுக்கில் விழுந்தது. நிஜம் இரண்டாவதற்குத்தான் நெருக்கம்.

சுவரையே கண்ணாடியாக்கும் வழிக்கு ரெவிட்தான் நாட்டாமை. கர்ட்டன் வால் என்று தனியாகவே ஒரு சுவர் வகை இருக்கிறது. கூடவே ஸ்டோர்ஃப்ரண்ட் என்று கடை முகப்புக்கான வகையும் தயாராக உண்டு. சுவரை இழுத்தால் போதும், கட்டமும் சட்டமும் தானாக வருகின்றன. கட்டங்களை எண்ணிக்கையாகக் கொடுக்கலாம், நிலையான இடைவெளியாகக் கொடுக்கலாம், அதிகபட்ச இடைவெளி இவ்வளவு என்றும் கொடுக்கலாம். மாமா கடை மாதிரி கதவுக்கு ஒரு அகலம், கண்ணாடிக்கு ஒரு அகலம் என்றால் தானியங்கி அமைப்பை 'இல்லை' என்று வைத்துவிட்டுக் கட்டக்கோடுகளைக் கையால் போடுவது நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு கோட்டிலும் ஊசி குத்திப் பூட்டியிருக்கும். கழற்றிக் கழற்றி நகர்த்தியே பொழுது போகும்.

கதவு வைக்கும்போதுதான் புதிதாக வருகிறவர்கள் விழிக்கிறார்கள். சாதாரணச் சுவரில் வைக்கும் கதவு இதில் உட்காராது. டேப் விசையைத் தட்டித் தட்டி அந்தக் கண்ணாடித் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, பூட்டைக் கழற்றி, அதன் வகையைக் கர்ட்டன் வால் கதவாக மாற்ற வேண்டும். கதவின் அகலமும் உயரமும் கதவிடம் இல்லை, கட்டத்திடம் இருக்கின்றன. கட்டம் 5 அடி என்றால் கதவும் 5 அடி. பலகைக் கதவுக் கணக்கேதான்: காடி எவ்வளவோ பலகை அவ்வளவு.

குட்டைச் சுவருக்கு இரண்டு வழி இருக்கிறது. கீழே ஒன்றரை அடிச் சாதாரணச் சுவர் வரைந்து, மேலே கர்ட்டன் வாலை ஒன்றரை அடி உயர்த்தி வைக்கலாம். ஆனால் கதவு தரை வரை வர வேண்டுமே. அதனால் நான் தரையிலிருந்தே கர்ட்டன் வாலை எழுப்பி, ஒன்றரை அடியில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, கீழ்த் துண்டுகளைக் கண்ணாடியிலிருந்து செங்கல் சுவர் வகைக்கு மாற்றினேன். கதவு வரும் இடத்தில் மட்டும் அந்தக் குறுக்குக் கோட்டின் துண்டை நீக்கிவிட்டேன். இப்போது மாமா கதவைத் தெற்கே வை, வடக்கே வை என்று எத்தனை தடவை சொன்னாலும் கவலையில்லை. கோட்டை நகர்த்தினால் கண்ணாடி, சட்டம், அளவுப் பட்டியல் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன.

பட்டியல் என்றதும் ஒரு எச்சரிக்கை. ரெவிட் கொடுக்கும் கண்ணாடித் துண்டு அளவு, சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் அளவு. கண்ணாடி சட்டத்துக்குள்ளே போய் உட்கார வேண்டிய பிடிப்பு அதில் சேராது. அப்படியே எடுத்துக் கண்ணாடிக் கடைக்காரரிடம் நீட்டினால், வரும் கண்ணாடி சட்டத்துக்குள் பிடிப்பில்லாமல் இரண்டு பக்கமும் குறையும்.

காசு செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்கு ஃப்ரீகேட் இருக்கிறது. 0.19 பதிப்பிலிருந்து அதிலும் கர்ட்டன் வால் கருவி உண்டு. 2024 நவம்பரில் 1.0 வந்தபிறகு மொத்த மென்பொருளுமே முன்பைவிடக் கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஒரு கோடு போட்டு, உயரம் கொடுத்து, நெடுக்கில் எத்தனை, குறுக்கில் எத்தனை என்றால் சமமாகப் பிரித்துத் தரும். சமமாக இல்லாவிட்டால்தான் இழுபறி. நான் முகப்பை மூன்று கோடாக உடைத்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு, நடுவில் ஒன்று என்று மூன்று கண்ணாடிச் சுவராகச் செய்தேன். வேலை முடிந்தது. படம் ரெவிட் அளவுக்கு லட்சணமாக வராது. அளவு சரியாக இருக்கும்.

சரி, அளவுக்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன்? சுவாமிமலைப் பக்கம் ஒரு வீட்டில் வாங்கிய அடி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவர் அப்பா அம்மாவுக்காகப் பழைய வீட்டைப் புதுப்பித்தார். கொல்லைப்புறத்தைப் பார்த்து, தென்னந்தோப்பு தெரியும்படி ஒரு கண்ணாடிச் சுவர். நான் திறப்பை ஒரே இடத்தில் அளந்து கணினியில் நேர்த்தியான செவ்வகமாக வரைந்துவிட்டேன். மென்பொருளுக்குச் செவ்வகம் என்றால் செவ்வகம். சுண்ணாம்புச் சாந்துச் சுவருக்கு அப்படியா? மேலே ஒரு அகலம், கீழே நாலு நூல் குறைவு. கண்ணாடி வந்து இறங்கியபோது கீழ்ப்பக்கம் நுழையவில்லை. டஃபன்ட் கண்ணாடியைச் சூட்டில் பதப்படுத்திய பிறகு வெட்ட முடியாது, துளை போட முடியாது. விளிம்பைத் தேய்க்கப் போனாலே பொலபொலவென்று மணியாய் உதிர்ந்துவிடும். அரை அங்குலத்துக்காகச் சுவரைச் செதுக்கினோம். கண்ணாடி பொருத்த வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, டேப்பை எடுத்து மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் பிடித்துக் காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மூன்று அளவில் எது சின்னதோ அதைத்தான் கணினியில் போடுகிறேன்.

எடையும் சும்மா இல்லை. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டரை கிலோ. மாமா கடைக் கதவுக்கு 12 மில்லிமீட்டர் போட்டால், இரண்டரை அடிக்கு ஏழு அடி உள்ள ஒரு பக்கக் கதவு மட்டும் ஏறத்தாழ 49 கிலோ. கதவைத் தாங்கித் தானாக மூடவைக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங் அந்த எடையைத் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். அதைத் தரையில் புதைக்கப் பள்ளம் வேண்டும். எந்த மென்பொருளிலும் நான் வைத்த கதவு இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காத இன்னொரு பொருள் ஷட்டர். கண்ணாடி போட்டாலும் ராத்திரிக்கு ஷட்டர் இல்லாமல் மாமா தூங்கமாட்டார். சுருண்ட ஷட்டர் மேலே ஒரு அடியாவது இடத்தைப் பிடிக்கும். மாமாவின் செல்போன் படத்தில் இருந்த நகைக்கடைக்கு ஷட்டர் எங்கே என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. ஸ்கெட்ச்அப்பில் ஒரு பெட்டியாவது வரைந்து வைத்துவிடுங்கள்; இல்லையென்றால் படத்தில் ஏழரை அடியாக இருந்த கண்ணாடி கட்டும்போது ஆறரை ஆகும், அப்புறம் உங்களைத்தான் கேட்பார்கள்.

வெயில் விஷயத்தில் மூன்று வழியும் உதவும். ஸ்வீட் ஹோம் 3டியில் திசைகாட்டியில் ஊரைக் குறித்துவிட்டால், படம் எடுக்கும்போது தேதியும் நேரமும் கொடுக்கலாம். ஸ்கெட்ச்அப், ரெவிட் இரண்டிலும் இடத்தைக் குறித்து நிழலை ஓட்டிப் பார்க்கலாம். ஊரைக் குறிக்காமல் விட்டால் ஏதோ வெளிநாட்டு நகரத்து வெயில் உங்கள் கடையில் விழும். கும்பகோணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்குப் பார்த்த கண்ணாடிக்கு வெயிலே வராது என்று வெளிநாட்டுப் புத்தகம் படித்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். தெற்குப் பார்த்த 8 அடிக் கண்ணாடிக்கு 3 அடி சன்ஷேடு போட்டாலும், டிசம்பர் நண்பகலில் மேலே சுமார் 4.4 அடிக்குத்தான் நிழல். மேற்குக்கு சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் சாயங்கால வெயில் அடியில் புகுந்து வரும். படுதா கட்டுவதைத் தவிர நம் கடைத்தெரு வேறு வழி கண்டுபிடிக்கவில்லை.

பட்டுக்கு அந்த வெயில் எமன். ஷோகேஸில் இரண்டு மாதம் கட்டி வைத்த அரக்குச் சேலை மடிப்புக்கு வெளியே ஒரு நிறம், உள்ளே ஒரு நிறம் ஆகிவிடும். சாதாரணக் கண்ணாடி புறஊதாக் கதிரில் கணிசமான பகுதியை உள்ளே விடும். நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி கிட்டத்தட்ட முழுவதையும் தடுக்கும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ரெவிட்டில் கண்ணாடித் துண்டின் வகைப் பெயரிலேயே 'லேமினேட்டட்' என்று எழுதி வைத்தேன். பட்டியலில் அது தவறாமல் வந்துவிடுகிறது. பொருளாகக் கையால் செய்யும் வழியில் இதை நாமே எங்காவது எழுதி வைக்க வேண்டும், எழுதியதைத் தேட வேண்டும்.

மூன்று வழியிலும் ஒரே மாதிரி ஏமாற்றும் இடம் ஒன்றிருக்கிறது. பகலில் தெருவில் வெளிச்சம் அதிகம், கடைக்குள் குறைவு. அப்போது கண்ணாடி பாதி முகம் பார்க்கும் கண்ணாடியாக வேலை செய்யும். படத்தில் உள்ளே தொங்கும் சேலை பளிச்சென்று தெரிகிறது. நேரில் எதிரே நிற்கும் மயிலாடுதுறை பஸ்தான் தெரியும். மாமாவிடம் பகல் படம் ஒன்றும், விளக்குப் போட்ட ராத்திரி படம் ஒன்றும் காட்டினேன். பகல் படத்தில் பிரதிபலிப்பைக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன். முகம் சுருங்கியது. பரவாயில்லை, கட்டியபிறகு சுருங்குவதற்கு இப்போதே சுருங்கட்டும்.

என் கணக்கு இதுதான். வீட்டில் ஒரே ஒரு கண்ணாடிச் சுவர், சோபாவில் உட்கார்ந்தால் எப்படித் தெரியும் என்று குடும்பத்துக்குக் காட்ட வேண்டும் என்றால் ஜன்னலாகவே வையுங்கள். ஸ்வீட் ஹோம் 3டி போதும், ரெவிட் பக்கம் போகவே வேண்டாம். வளைந்தோ, மேலே சாய்ந்தோ, வேறெங்கும் இல்லாத மாதிரியோ ஒரு முகப்பு வேண்டுமென்றால் ஸ்கெட்ச்அப்பில் கையால் செய்யுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: அறை, தரை, கூரை எல்லாவற்றையும் தானாகப் போடும் மென்பொருளுக்குள் இப்படிக் கையால் செய்த முகப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே சுவர் இருப்பதாகவே அதற்குத் தெரியாது, அறை மூடாது, பரப்பளவும் வராது. கடை முகப்புக்கு, அதிலும் ஜோசியர் பேச்சைக் கேட்கும் உரிமையாளர் என்றால், கட்டம் தெரிந்த கண்ணாடிச் சுவர்தான். ரெவிட் இருந்தால் ரெவிட், இல்லாவிட்டால் ஃப்ரீகேட். படம் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் நான்காவது திருத்தத்தில் அதன் அருமை தெரியும்.

போன வாரம் அலுமினிய வேலை செய்பவரை மாமா கடைக்கு அழைத்துவந்தேன். மூன்று படத்தையும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி, எனக்கு நூல் கணக்குல எழுதிக் குடுங்க" என்றார். மென்பொருள் அங்குலத்தை எட்டாகப் பிரித்துக் காட்டும்படி வைத்தால் அதுவே நூல் கணக்கு. அப்படியே அச்செடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பலகைக் கதவின் மேல்காடியில் டேப்பின் நுனியை மாட்டினார். மாமா என் காதருகே வந்து, "அந்தப் பலகைங்கள என்ன பண்றது மாப்ளே?" என்று கேட்டார்.